இடது காதுக்கு ஒரு ஹெல்மெட்

எங்கள் ஊரில் ஹெல்மெட் என்பது தலையில் இருக்கும் பொருள் அல்ல. வண்டிக் கண்ணாடியில் தொங்கும், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும், சிக்னலில் போலீஸ்காரர் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தலைக்கு ஏறி இறங்கும். நான் ஸ்கூட்டி ஓட்டிய காலமெல்லாம் என் ஹெல்மெட்டுக்குள் தக்காளியும் கொத்தமல்லிக் கட்டும்தான் பயணம் செய்தன. அப்படிப்பட்ட நான், ஐம்பதைத் தொடப்போகும் வயதில், மெல்பர்ன் குளிர்காலத்தில், ஒரு ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்கூட்டிக்கு அல்ல. விமானத்திலிருந்து குதிப்பதற்கு.

ஆரம்பித்து வைத்தது மகள். சிட்னியில் வேலை பார்க்கிறாள். என் பிறந்தநாளுக்குப் புடவை எடுத்துத் தருவாள் என்று பார்த்தால், வானத்திலிருந்து குதிக்கும் சீட்டு ஒன்றை அனுப்பி வைத்தாள். பயிற்சியாளர் ஒருவரின் உடம்போடு வாரால் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் வகை. போனில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஜஸ்ட் ட்ரை பண்ணும்மா, ப்ளீஸ்" என்றாள். சீட்டு வீணாகப் போகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் போனேன். விமானத்தின் கதவு திறந்தபோது எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தரைக்கு வந்து உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அடுத்தது எப்போது?" என்பதுதான். என்னைக் கட்டிக் கொண்டுவந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தக் கோடையிலேயே தனியாகக் குதிக்கும் பயிற்சியில் சேர்ந்து, அதை முடிக்கவும் செய்தேன். பகலெல்லாம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, ஊருக்கு போன். இந்த ஒன்றை மட்டும் நான் யாருக்காகவும் செய்யவில்லை. பிடித்திருந்தது, செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது, அது கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க என் பயம். விழுந்து சாவதைப் பற்றி அந்த அளவுக்குப் பயப்படவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

என் வீட்டுக்காரரைப் பயந்தவர் என்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்பவர். கேஸை அணைச்சியா, சாவியை எடுத்தியா, பின்கதவைப் பூட்டினியா, பஞ்சை எடுத்தியா, போனுக்கு சார்ஜ் போட்டியா என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். பதில் சொன்னாலும் நம்ப மாட்டார், போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் குதிக்கப் போகிறேன் என்றதும் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. பதிலாகக் கேள்விகள் கேட்டார். பாராசூட்டை மடிப்பது யார், அவருக்கு எத்தனை வருட அனுபவம், அது திறக்காவிட்டால் என்ன, இரண்டாவதும் திறக்காவிட்டால் என்ன. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் கல்யாண வாழ்க்கை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் கேள்விகளில் வரும் பஞ்சு என் இடது காதுக்கானது. பள்ளிக்கூட நாட்களில் அந்தக் காதில் சீழ் பிடித்து, செவிப்பறையில் ஓட்டை விழுந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு பிடித்துக்கொண்டது. ஆனால் கேட்பது கொஞ்சம் குறைவுதான். உள்ளே தண்ணீர் மட்டும் போகவே கூடாது என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் பஞ்சை உருட்டி, தேங்காய் எண்ணெயில் தோய்த்து, இடது காதை அடைத்துக்கொள்வேன். எண்ணெய்ப் பஞ்சு ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடாது.

கோடையில் குதித்தபோது அந்தக் காது வாயைத் திறக்கவில்லை. இலையுதிர் காலம் வந்து மேலே குளிர் ஏறியதும் குத்தத் தொடங்கியது. பயிற்சிக்காகக் கொடுத்த ஹெல்மெட் முகம் திறந்த வகை, காதோரத்தில் காற்று சீறிக்கொண்டு நுழையும். ஒரு தடவை குதித்துவிட்டு வந்து இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். காது டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

"இந்த வயசில என்னத்துக்கு உங்களுக்கு இந்த விளையாட்டு?" என்றார்.

"பிடிச்சிருக்கு டாக்டர்."

"ஓம், அது முகத்திலயே தெரியுது. ஒட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குளிர்காத்து நேர காதில அடிக்கக் கூடாது. நல்லா மூடுற ஹெல்மெட் ஒண்டு வாங்குங்கோ. அதைப் போட்டு ஒருக்காக் குதிச்சிட்டு வாங்கோ. பிறகும் நோவு இருந்தாலோ, கேக்கிறது குறைஞ்சாலோ, அதோட விட்டிட வேணும். சரியோ?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மருந்துச் சீட்டு எதுவும் தராமல் ஒரு ஹெல்மெட்டை எழுதிக்கொடுத்த டாக்டர் அவர் ஒருவர்தான்.

குதிக்கும் இடம் ஊரைத் தாண்டி, பால் மாடுகள் மேயும் பச்சை நிலங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ஓடுபாதை, ஒரு பெரிய தகரக் கொட்டகை. கொட்டகையின் மூலையில் சாமான்கள் விற்கும் சின்னக் கடை. எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் கடையையும் பார்த்துக்கொண்டாள். நெட்டையான வெள்ளைக்காரப் பெண், எதற்கும் பதறாதவள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் அவள் முன்னால் போய் நின்றோம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அலமாரியை ஏற இறங்கப் பார்த்தோம்.

முகம் திறந்த வகையை அவள் முதலில் எடுத்து வைத்தாள். எடையே இல்லை, சுற்றிலும் நன்றாகப் பார்க்கலாம், பக்கத்தில் பேசுவது கேட்கும். கோடைக்கு அதுதான் என்றாள். குளிர்காலத்தில் மேலே போனால் தாடையும் உதடும் மரத்துப் போகும் என்பதை அவள் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும். அடுத்தது முழுசாக முகத்தை மூடும் வகை. முன்னால் கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் மூடி, ஏற்றலாம் இறக்கலாம். அதை மாட்டப் போனால் என் கொண்டை விடவில்லை. கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவே கொண்டையை அவிழ்த்து, பின்னி, பின்னலை ஸ்வெட்டருக்குள் விட்டேன். அப்புறம்தான் ஹெல்மெட் இறங்கியது. மூக்குக்கண்ணாடியைத் தனியாக உள்ளே செருக வேண்டியிருந்தது. மூடியை இறக்கி ஒரு மூச்சு விட்டேன், அவ்வளவுதான். இட்லிப் பானையைத் திறந்தால் கண்ணாடி வெளுத்துப் போகுமே, அதேதான். எதிரில் நின்ற என் வீட்டுக்காரர் காணாமல் போனார்.

"தெரியுதா?" என்று அவர் குரல் மட்டும் வந்தது.

"நீங்க தெரியல. நிம்மதியா இருக்கு."

அடுத்த ஹெல்மெட்டில் மூடி இரண்டு அடுக்காக இருந்தது, வாய்க்கு நேராகக் காற்று போக வழியும் இருந்தது. மூச்சு விட்டுப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகப் பனித்துவிட்டு விலகியது. விமானத்துக்குள் இருக்கும்போது மூடியைத் திறந்தே வைத்துக்கொள், குதிப்பதற்குச் சற்று முன்னால் இறக்கு, பாராசூட் விரிந்ததும் மறுபடியும் திறந்துவிடு என்றாள் பயிற்சியாளர். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு அந்த மூடியைத் திறக்க வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். வந்தது. வெறும் கையால் திறந்து பார்த்து வாங்கிப் போகிறவர்கள் குளிரில் மேலே திண்டாடுவார்களாம்.

அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் தோள் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து அவருடைய குரங்குக் குல்லாவை எடுத்தார். கண்ணையும் மூக்கையும் தவிர மீதி எல்லாவற்றையும் மூடும் அந்தத் தடித்த கம்பளிக் குல்லா, நாங்கள் குடியேறிய வருடம் ஊரிலிருந்து வந்தது. குளிர் என்பது காது வழியாகத்தான் உடம்புக்குள் ஏறுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கிடையாது.

"ஒரு சைஸ் பெருசா எடுத்துடலாம். உள்ள இதைப் போட்டுக்க" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் இரண்டு பேரின் வீட்டிலும் எதையும் அளவாக வாங்கிப் பழக்கமில்லை. குல்லாவைப் போட்டு, அதன் மேல் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். பயிற்சியாளர் ஹெல்மெட்டின் தாடையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். ஹெல்மெட் திரும்பியது, என் தலை திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் பஞ்சு மெத்தை. மேலே இப்படி ஆனால் தரை எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்பாய் என்றாள். என் வீட்டுக்காரர் குல்லாவை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அளவான ஹெல்மெட்டை எடுத்தோம். கன்னம் இரண்டும் கொழுக்கட்டை அடக்கியது மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். உள்ளே போட்டுக்கொள்ள மெல்லிய துணிக் குல்லா ஒன்று கொடுத்தாள், காதை மூடும், அவ்வளவு தடிமன் போதும் என்றாள். ஹெல்மெட் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்று நிறத்தில் இருந்தது. நான் கறுப்பைக் கையில் எடுத்தேன். "மஞ்சள் எடு" என்றார் அவர். ஏன் என்று முறைத்தேன். "மேலேருந்து வர்றவங்கள்ல நீ யாருன்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். மஞ்சளையே எடுத்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. உயரத்தைச் சொல்லும் சின்னக் கருவியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்வார்கள், பாராசூட்டை இழுக்க வேண்டிய உயரம் வந்ததும் அது காதோரத்தில் 'பீப் பீப்' என்று கத்தும். மணிக்கட்டிலும் ஒரு மானி கட்டியிருப்போம், அதுதான் முக்கியம், இது துணைக்கு. இந்த ஹெல்மெட்டில் அதைச் செருகும் பை இடது பக்கம்தான் இருந்தது. அந்தக் காதுக்கு அது கேட்குமா? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றேன், அவள் கருவியை ஒலிக்கவிட்டாள். கணீரென்று கேட்டது. பாதிச் செவிடு என்று நான் தள்ளிவைத்திருந்த காதில் அவ்வளவு கணீரென்று! அந்தக் காதைத் தடவிக் கொடுக்கலாம் போலிருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வானம் வெளுத்துக் கிடந்தது. குதிக்கலாம் என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் லீவில் தூங்க வேண்டிய நேரத்தில் எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். போகிற வழியில் த பேசின் என்ற மலையடிவார ஊரில் இருக்கும் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அது போகிற வழியே இல்லை, சுற்றுவழி. ஆனாலும் பிள்ளையாருக்கு யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? கோயிலுக்கு என்றால் தலைக்குக் குளிக்காமல் எனக்கு ஆகாது. அவசர அவசரமாகக் குளித்து, டிரையரில் முடியைப் பாதி காயவைத்து, பின்னிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் வாசல் பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தார். "க்ளவுஸ் எடுத்தியா? மானி எடுத்தியா? பழைய ஸ்பெக்ஸை ஒரு சேஃப்டிக்கு எடுத்துக்கிட்டியா? டாக்டர் என்ன சொன்னாங்க, வலிச்சா உடனே—"

டாக்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தவள் நான்.

"இதோ பாருங்க. இன்னைக்கு நான் குதிச்சு முடிக்கிற வரைக்கும் என்கிட்ட ஒரு கேள்வி கேக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட. கேட்டீங்க, நான் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்."

அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது. அவருக்கும் அது தெரியும். என் ஈரத்தலையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காரில் கேள்விக்குப் பதிலாகச் செய்தி வாசித்துக்கொண்டு வந்தார். "மழை வராதுன்னு நினைக்கிறேன்." "பசிக்கிறவங்க பின் சீட்டுல இருக்கிற சப்பாத்தியைச் சாப்பிடலாம்." எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கோயிலில் தீபாராதனை மணி எங்கோ தள்ளி அடிப்பது மாதிரி இருந்தது. மலையடிவாரக் குளிரில் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையாரிடம் நான் கேட்டது பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்றல்ல. இந்தக் காதை விட்டுவிடு என்றுதான் கேட்டேன்.

கொட்டகைக்குப் போய் உடுப்பை மாட்டி, துணிக் குல்லாவைக் காது வரை இழுத்து, மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தன்னுடைய குரங்குக் குல்லாவோடு காபி பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை காட்டினேன். அவரும் காட்டினார். கேள்வி எதுவும் இல்லை.

பதினாலாயிரம் அடி ஏறுவதற்குள் விமானத்துக்குள் எல்லோர் மூச்சும் புகையாகத் தெரிந்தது. மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளே வந்ததைக் காற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூடியை இறக்கினேன், போய்விட்டேன்.

முதல் சில நொடிகளில் நான் நினைத்தது ஒன்றுதான், ஹெல்மெட் சரியான ஹெல்மெட். முகத்தில் காற்று இல்லை, கண்ணாடி பனிக்கவில்லை, தலை என்னோடு திரும்புகிறது. கீழே பச்சைச் சதுரங்கள், தூரத்தில் கடலோரம். சந்தோஷத்தில் ஓவென்று கத்தினேன், என் குரல் எனக்கே முழுசாகக் கேட்டது. பிறகு உயரம் குறையக் குறைய இடது காதுக்குள் யாரோ விரலை விட்டு அழுத்துவது மாதிரி வலி ஏறியது. 'பீப்' இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். முள், இழுக்க வேண்டிய ஐயாயிரம் அடியைக் கடந்து கீழே போயிருந்தது. ஒரு நொடி உடம்பு விறைத்தது, மறு நொடி இழுத்தேன். பாராசூட் விரிந்து என்னைத் தூக்கி நிறுத்தியது. இழுக்க வேண்டிய உயரத்துக்குச் சற்றுக் கீழேதான், ஆபத்தான உயரம் இல்லை. ஆனால் கருவி பழுதில்லை என்று எனக்குத் தெரியும், விமானத்தில் ஏறுமுன் பயிற்சியாளர் அதைப் பார்த்துத்தான் கொடுத்தாள். அப்படியென்றால் அது கத்தியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

காது போய்விட்டது.

அத்தனை அழகான காலை வேளையில், அவ்வளவு உயரத்தில், தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டு நான் அழுதேன். ஒட்டு கிழிந்துவிட்டது, டாக்டர் சொன்ன இரண்டும் நடந்துவிட்டது, வலிக்கிறது, கேட்கவில்லை. இதுதான் கடைசி. ஹெல்மெட் உள்ளே வெளுத்துப் போனது. குளிருக்குப் பனிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள், அழுகைக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. மூடியை மேலே தள்ளிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எப்படியோ புல்வெளியில் வந்து இறங்கினேன். கால் ஊன்றி நின்றேன், அதுவரைக்கும் நான் இறங்கியதிலேயே நல்ல இறக்கம். பார்த்துச் சந்தோஷப்படத்தான் எனக்கு மனமில்லை.

பாராசூட்டைச் சுருட்டி அள்ளிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, வலது காதைக் கையால் பொத்தி, இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று கேட்க வேண்டும், கேட்கக் கூடாது.

"போச்சுங்க" என்றேன். "இடது காது போச்சு. பீப் சத்தமே கேக்கல. வலி வேற. இனிமே நான் குதிக்க முடியாது."

அவர் பிளாஸ்க்கை வேலித் தூணில் வைத்தார். என் தலையைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

"குதிச்சு முடிச்சிட்ட. இப்ப ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேட்டுத் தொலைங்க!"

"பஞ்சை எடுத்தியா?"

நான் அப்படியே நின்றேன். துணிக் குல்லாவை இழுத்துக் கழற்றி, காதுக்குள் விரலை விட்டேன். வழுவழுவென்று இருந்தது. நுனி கைக்கு அகப்படவில்லை, உள்ளே நன்றாகப் போய் உட்கார்ந்திருந்தது. அவர் வேலிக்கு மேலாக எட்டி, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, இரண்டு விரலால் அதை மெதுவாக உருவினார். 'பொக்' என்று ஒரு சத்தம். உடனே எல்லாம் வந்தது. மேலே விமானம், மரத்தில் மேக்பை பறவை, கொட்டகைத் தகரம், பக்கத்தில் என் வீட்டுக்காரர் விட்ட மூச்சு. வலி இறங்கிப் போனது. காலையில் குளித்துவிட்டு வந்தவள் டாக்டர் பேச்சில் கோபப்பட்டு, பஞ்சை மறந்து, அதன் மேல் முடியையும் குல்லாவையும் ஹெல்மெட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வானத்துக்குப் போயிருக்கிறேன்.

அந்த நிம்மதியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நல்ல செய்தி கேட்டவர்களுக்குத் தெரியும். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அவர் அந்த எண்ணெய்ப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

"காலையிலேயே தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"தெரியாது. கேக்கத்தான் வாயெடுத்தேன். நீதான் பஸ்ல போயிடுவேன்னு சொன்ன. சரி, எடுத்திருப்பன்னு நினைச்சேன். மேல நீ குதிக்கிற வரைக்கும் நாக்கு நுனியில நின்னுச்சு."

என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வந்த பயிற்சியாளரிடம் அவர் பஞ்சைக் காட்டினார். அவள் அதை முகர்ந்து பார்த்து, தேங்காயா என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கருவி கத்தினாலும் கத்தாவிட்டாலும் கண் மணிக்கட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பாட்டம் திட்டு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் பக்கம்தான் நியாயம்.

திங்கட்கிழமை டாக்டர் உள்ளே விளக்கடித்து நிறைய நேரம் பார்த்தார். நான் இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒட்டு பத்திரமா இருக்கு. ஒண்டும் நடக்கேல்ல" என்றார். "அடைச்சுக்கொண்டு மேலேயிருந்து கீழ வந்தா ஆருக்கும் வலிக்கும். பஞ்சும் எண்ணெயும் குளியலறையோட நிக்கட்டும். நீங்கள் குதியுங்கோ."

காரில் வந்து உட்கார்ந்து மகளுக்கு போன் செய்தேன். "ஆர் யூ சீரியஸ், அம்மா?" என்று அவள் சிரித்த சிரிப்பு இடது காதில் நன்றாகவே கேட்டது.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வானம் தெளிந்திருந்தது. தலைக்குக் குளித்தேன், குளியலறையிலேயே நின்று பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டேன். கையுறை, மானி, மஞ்சள் ஹெல்மெட் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கார் சாவியோடு நின்றார். என் ஈரத்தலையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். போன தடவை போட்ட சண்டை இன்னும் அவருக்கு மறக்கவில்லை.

நான் செருப்பை மாட்டாமல் நின்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். நான் நகரவில்லை.

"என்ன?" என்றார்.

"ஏங்க, கேளுங்க."

அவர் கேட்டார்.